பழகாத நிலத்தில் மான் வேட்டை: எந்தத் தூரத்துக்குத் தயாராக வேண்டும்?

கேள்வியின் சுருக்கம் இது. பென்சில்வேனியாவின் ஓக் காடுகளில் பல ஆண்டுகளாக வெள்ளைவால் மான் வேட்டையாடி வரும் ஒருவருக்கு, வரும் அக்டோபரில் வயோமிங் மாநிலத்தில் மியூல் மான் வேட்டையாடுவதற்கான உரிமம் குலுக்கலில் கிடைத்திருக்கிறது. இதுவரை அவர் சுட்ட மான்கள் எல்லாம் 100 கெஜத்துக்குள் நின்றவை. கையில் இருப்பது .308 வின்செஸ்டர் ரைஃபிள். மேற்கில் 400, 500 கெஜத்தில் சுட வேண்டியிருக்கும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எந்தத் தூரத்துக்குப் பயிற்சி எடுப்பது, இதற்காக வேறு துப்பாக்கி வாங்க வேண்டுமா என்பது அவருடைய கேள்வி. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மான் வேட்டை குற்றம் என்பதால், இங்கே சொல்வது அனைத்தும் அமெரிக்காவில் உரிமம் பெற்று நடத்தும் வேட்டைக்கு மட்டுமே பொருந்தும்.

வேறு துப்பாக்கி தேவையில்லை. தூரத்தைப் பொறுத்தவரை, ஒரே கேள்விக்குள் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துக்கொண்டால்தான் தயாரிப்பு சரியான திசையில் போகும். அந்த நிலத்தில் மான் எவ்வளவு தூரத்தில் கண்ணுக்குத் தெரியும் என்பது முதல் கேள்வி. எவ்வளவு தூரத்திலிருந்து நீங்கள் அதன்மீது சுடத் தகுதி பெற்றிருக்கிறீர்கள் என்பது இரண்டாவது. முதலாவதை நிலம் தீர்மானிக்கிறது. வயோமிங்கில் ஒரு மைலுக்கு அப்பால் உள்ள மான்கூட பைனாகுலரில் தெரியும். இரண்டாவதை உங்கள் கையும் உங்கள் பயிற்சியும் தீர்மானிக்கின்றன. அந்த எண்ணைப் பயணம் கிளம்புவதற்கு முன்பே கண்டுபிடித்து எழுதி வைத்துவிட வேண்டும். நண்பர்கள் சொல்லும் 400, 500 என்பவை பெரும்பாலும் முதல் கேள்விக்கான விடைகள். அவற்றை இரண்டாவது கேள்விக்கான விடையாக எடுத்துக்கொண்டு பலரும் புதிய துப்பாக்கியும் பெரிய ஸ்கோப்பும் (துப்பாக்கியின்மேல் பொருத்தும் குறிபார்க்கும் தொலைநோக்கி) வாங்கிக் கிளம்புவதும், காயம்பட்ட மானைத் தேடி நாள் முழுவதும் அலைவதும் ஒவ்வோர் ஆண்டும் நடக்கின்றன.

வயோமிங் என்றாலே திறந்த வெளி என்று எண்ண வேண்டாம். மாநிலத்தின் வடகிழக்கு மூலையில் உள்ள பிளாக் ஹில்ஸ் பகுதி பாண்டெரோசா பைன் காடு. அங்கே உங்களுக்குப் பழகிய பென்சில்வேனியத் தூரங்களே கிடைக்கும், வெள்ளைவால் மான்களும் உண்டு. பவுடர் நதிப் படுகையில் நிலம் ஓடைகளாலும் மண்சரிவுகளாலும் வெட்டுண்டு கிடப்பதால், தொலைவில் தெரியும் மானை மறைவாக நெருங்குவதற்கு வழி இருக்கும். தென்மேற்கில் உள்ள ரெட் டெசர்ட் போன்ற சேஜ் புதர்ச் சமவெளியில் அந்த வசதி குறைவு. மேற்கில் வயோமிங் மலைத்தொடரின் உயரங்களில் ஒரு சரிவிலிருந்து பள்ளத்தாக்குக்கு அப்பால் உள்ள எதிர்ச் சரிவைப் பார்த்துச் சுடும் நிலை அடிக்கடி வரும். எனவே உங்கள் உரிமம் எந்தப் பகுதிக்கானது என்பதைக் கையில் வைத்துக்கொண்டு, அமெரிக்க நிலவியல் அளவைத் துறையின் 1:24,000 வரைபடத்தையும் செயற்கைக்கோள் படத்தையும் விரித்து, ஒரு மேட்டில் உட்கார்ந்து பார்ப்பதாக வைத்துக்கொண்டு எதிர்ச் சரிவு, ஓடையின் வளைவு, மரக்கூட்டத்தின் ஓரம் ஆகியவற்றுக்கு உள்ள தூரங்களை அளந்து பாருங்கள். இப்படி நிறைய இடங்களில் அளந்தால் அந்த நிலம் எந்தத் தூரங்களைத் தரும் என்பது தெளிவாகத் தெரிந்துவிடும். வயோமிங் வனவிலங்கு மற்றும் மீன்வளத் துறையின் வட்டார உயிரியலாளரைத் தொலைபேசியில் அழைத்தும் கேட்கலாம். அவரிடம் எவ்வளவு தூரத்தில் சுடுகிறார்கள் என்று கேட்பதைவிட, அந்த மாதத்தில் மான்கள் எந்த உயரத்தில், எந்த வகைத் தாவரத்துக்குள் பகலைக் கழிக்கின்றன என்று கேட்பது அதிகப் பயன் தரும்.

கிழக்கத்திய காட்டில் தூரத்தை அளக்கும் பழக்கமே யாருக்கும் வராமல் போவதற்குக் காரணம் உண்டு. 150 கிரெயின் எடையுள்ள குண்டை வினாடிக்கு 2,820 அடி வேகத்தில் செலுத்தும் வழக்கமான .308 தோட்டாவை 200 கெஜத்துக்கு ஜீரோ செய்தால், அதாவது அந்தத் தூரத்தில் குண்டு குறியிலேயே படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்தால், 100 கெஜத்தில் குண்டு குறியைவிடச் சுமார் 2 அங்குலம் மேலே படும். 150 கெஜத்திலும் ஏறத்தாழ அதே உயரம்தான். எனவே 100 கெஜத்தை 150 என்று தவறாக எண்ணினாலும் மான் விழும். அதே தோட்டா 300 கெஜத்தில் 8 அங்குலத்துக்குச் சற்று அதிகமாகவும், 350-இல் 15 அங்குல அளவிலும், 400-இல் 23 அங்குல அளவிலும், 500-இல் நான்கு அடி அளவிலும் கீழே விழுகிறது. இப்போது 400 கெஜத்தில் நிற்கும் மானை 350 என்று எண்ணிச் சுட்டால் குண்டு எட்டு அங்குலம் தாழ்ந்து போகும்; அது நெஞ்சுக்குக் கீழே வெறுமனே போகலாம், முன்காலை உடைக்கவும் செய்யலாம். காட்டில் பொருட்படுத்தத் தேவையில்லாத ஐம்பது கெஜப் பிழை, திறந்த வெளியில் ஓர் உயிரை நாள்கணக்கில் துன்புறுத்தும் பிழையாகிவிடுகிறது.

அந்தப் பிழையைச் செய்யாமல் இருப்பது கண்ணால் மட்டும் முடியாத காரியம். தூசும் ஈரமும் இல்லாத உலர்ந்த காற்றில் எதிர்ச் சரிவு கிட்டத்தில் இருப்பதுபோல் தோன்றும். நடுவில் பள்ளத்தாக்கு இருந்தால் இடைப்பட்ட நிலம் கண்ணில் படாததால் தூரம் இன்னும் சுருங்கித் தெரியும். மியூல் மான் வெள்ளைவால் மானைவிட உடல் பெருத்தது, காதுகள் மிகப் பெரியவை. வெள்ளைவால் மானின் அளவை மனத்தில் வைத்துக்கொண்டு பார்ப்பவருக்கு அது உண்மையைவிட அருகில் நிற்பதாகப்படும். மாறாக, வெளிச்சம் மங்கிய நேரத்திலும் புதருக்குள் பாதி மறைந்து நிற்கும்போதும் தொலைவில் இருப்பதாகப்படும். ஆகவே லேசர் தூரமானி இந்தப் பயணத்துக்கு ஆடம்பரப் பொருள் அல்ல. செலவழிக்கப் பணம் கொஞ்சமே இருந்தால் அதை முதலில் தூரமானிக்குச் செலவிடுங்கள். ஆனாலும் அதை முழுக்க நம்பிவிடாமல், ஊரிலேயே பூங்காவிலும் வயலோரத்திலும் நடக்கும்போது முதலில் கண்ணால் மதிப்பிட்டு, பிறகு கருவியால் அளந்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனித்து வாருங்கள். கருவி முன்னே நிற்கும் புல்லையோ பின்னே உள்ள சரிவையோ அளந்து தவறான எண்ணைக் காட்டும் நேரங்கள் உண்டு. கண்ணுக்குப் பயிற்சி இருந்தால் அந்த எண் பொருந்தவில்லை என்று உடனே புலப்படும். மானையும், அதன் பக்கத்தில் உள்ள பாறையையும், அதன் பின்னால் உள்ள நிலத்தையும் தனித்தனியாக அளந்து ஒப்பிடுவது நல்ல வழக்கம்.

இனி உங்கள் சொந்த எல்லையைக் கண்டுபிடிக்கும் வேலை. இதற்கு எட்டு அங்குல விட்டமுள்ள சாப்பாட்டுக் காகிதத் தட்டு போதும். மானின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த பகுதி அதைவிடச் சற்றுப் பெரியது. தட்டைக் குறியாக வைத்தால் பிழைக்குக் கொஞ்சம் இடம் கிடைக்கிறது. விதி எளிமையானது: சுடுதளத்து மேசையை விட்டுவிட்டு, வேட்டையில் கிடைக்கும் நிலைகளிலிருந்து, ஒவ்வொரு முறையும் தவறாமல் தட்டில் அடிக்கக்கூடிய தூரமே உங்கள் எல்லை. பத்தில் எட்டு பட்டது என்றால் அந்தத் தூரம் உங்களுடையது அல்ல, ஏனென்றால் மீதி இரண்டு குண்டுகள் மானின் வயிற்றிலோ காலிலோ பட்டிருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்த்தாலே இதன் கடுமை புரியும். கோணத்தில் ஒரு நிமிடம் (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) என்பது 100 கெஜத்தில் 1.047 அங்குலம். மேசையில் மணல் மூட்டைமேல் துப்பாக்கியை வைத்து ஒன்றரை நிமிட அளவுக்குள் குண்டுகளைக் குவிப்பவர் நல்ல சுடுநர். அவரே உட்கார்ந்த நிலையில், தாங்குகோலின் உதவியோடு சுடும்போது குவியல் இரண்டு மடங்காவது விரிந்து மூன்று நிமிட அளவை எட்டுவது இயல்பு. மூன்று நிமிடம் என்பது 200 கெஜத்தில் 6.3 அங்குலம், 250 கெஜத்தில் 7.9, 300 கெஜத்தில் 9.4. அதாவது காற்றே வீசாத, தூரம் துல்லியமாகத் தெரிந்த, மூச்சு வாங்காத நாளில்கூட இந்தச் சுடுநரின் எல்லை 250 கெஜத்தோடு முடிந்துவிடுகிறது. காற்றுக்கும் படபடப்புக்கும் இடம் விட்டால் 200. இதில் குறைவாக எண்ண எதுவுமில்லை. நேர்மையான 200 கெஜம் உள்ளவர் வயோமிங்கில் நிறைவாக வேட்டையாடலாம்; பயிற்சியால் அதை 300 வரை உயர்த்திக்கொண்டால் பெரும்பாலான வாய்ப்புகள் அவர் கைக்குள் வந்துவிடும் என்பது என் உறுதியான கருத்து. முதன்முறை திறந்த வெளிக்குப் போகும் ஒருவர் அதற்கு மேல் உள்ள தூரத்தை இலக்காக வைத்துக்கொள்வதை நான் ஆதரிக்க மாட்டேன்.

காற்றைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குண்டின் வீழ்ச்சியைத் தூரமானியும் அட்டவணையும் சேர்ந்து தீர்த்துவிடும். காற்றை எந்தக் கருவியும் முழுமையாகத் தீர்ப்பதில்லை. வயோமிங்கின் காற்று பேர்பெற்றது. குறுக்காக மணிக்கு 10 மைல் வேகத்தில் காற்று வீசினால், மேலே சொன்ன .308 குண்டு 100 கெஜத்தில் ஓர் அங்குலத்துக்கும் குறைவாகவே விலகும். 200-இல் 3 அங்குலம், 300-இல் 7, 400-இல் 13 என்று விலகல் ஏறிக்கொண்டே போகும். 15 மைல் வேகக் காற்றை நீங்கள் 10 என்று எண்ணினால் 300 கெஜத்தில் மூன்றரை அங்குலப் பிழை, 400-இல் ஆறரை அங்குலப் பிழை. முதலாவது மானின் நெஞ்சுக்குள்ளேயே இருக்கும். இரண்டாவது குடலுக்குப் போய்விடும். உங்கள் கன்னத்தில் படும் காற்றும் பள்ளத்தாக்கின் நடுவில் ஓடும் காற்றும் மான் நிற்கும் இடத்துக் காற்றும் மூன்று வேறு திசைகளில் இருப்பது மலைப்பகுதியில் சாதாரணம். கையடக்கக் காற்றுமானி உங்கள் இடத்துக் காற்றை மட்டுமே அளக்கும். மற்ற இரண்டையும் புல்லும் புதரும்தான் சொல்ல வேண்டும். காற்றின் வேகத்தைக் கண்ணால் மதிப்பிட உதவும் பியூஃபோர்ட் அளவுகோலின்படி இலைகளும் சிறு குச்சிகளும் ஓயாமல் அசைந்தால் காற்று 8 முதல் 12 மைல். தூசு எழும்பிச் சிறு கிளைகளும் ஆடினால் 13 முதல் 18. ஊரில் காற்றடிக்கும் நாளில் பயிற்சியைத் தள்ளிப்போடாதீர்கள், அந்த நாளைத் தேடிப் போங்கள். காற்று எவ்வளவு என்று முதலில் மதிப்பிட்டுச் சொல்லிவிட்டு, பிறகு சுட்டு, குண்டு எங்கே பட்டது என்று பாருங்கள். இதை மேசைப் பயிற்சியால் ஈடு செய்ய முடியாது. வயோமிங்கிலும் பலத்த காற்று வீசும் நாளில் உங்கள் எல்லையைப் பாதியாகக் குறைத்துக்கொள்வது நியாயம்.

சரிவில் சுடுவதைப் பற்றிய அச்சம் அளவுக்கு மிஞ்சியது. மேல்நோக்கிச் சுட்டாலும் கீழ்நோக்கிச் சுட்டாலும் குண்டின் வீழ்ச்சியைத் தீர்மானிப்பது கிடைமட்டத் தூரமே. எனவே சாய்வான 300 கெஜம் 30 பாகைச் சரிவில் 260 கெஜம்போல நடந்துகொள்ளும், 45 பாகையில் 212 கெஜம்போல. இரண்டு நிலைகளிலும் கோணத்தைக் கவனிக்காவிட்டால் குண்டு மேலேதான் போகும். பெரும்பாலான தூரமானிகள் இப்போது இந்தக் கணக்கைத் தாமே செய்து காட்டுகின்றன. மலைச்சரிவுகள் கண்ணுக்குத் தெரிவதைவிடக் குறைந்த சாய்வு கொண்டவையாகவே இருக்கும் என்பதால், 200 கெஜத்துக்குள் இதற்காக எதையும் மாற்ற வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது வேறொன்று: செங்குத்தாகக் கீழே நிற்கும் மானைச் சுடும்போது குண்டு உடலில் நுழையும் இடத்தை மட்டும் பார்க்காமல், மறுபுறம் வெளியேறும் இடத்தை எண்ணிக் குறி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு நுரையீரல் மட்டும் துளைபட்டு மான் வெகுதூரம் போய்விடும்.

உயரத்தின் விளைவும் அப்படியே. வயோமிங்கின் சராசரி உயரம் சுமார் 6,700 அடி, பென்சில்வேனியாவுக்கு 1,100 அடி. மெல்லிய காற்றில் குண்டு குறைவாகத் தடைபடுவதால் 300 கெஜத்தில் ஓர் அங்குலத்துக்கும் குறைவான வேறுபாடே வரும். உயரம் உண்மையில் பாதிப்பது உங்கள் மூச்சை. ஒரு மேடு ஏறி முடித்தவுடன் ஸ்கோப்புக்குள் குறியைக் காட்டும் குறுக்கிழை மானின் உடல் முழுவதும் அலைவதைப் பார்க்கும்போது, ஊரில் அடித்த குவியல்கள் எந்த நிலையில் அடித்தவை என்பது நினைவுக்கு வரும்.

துப்பாக்கி தொடர்பாகச் சில செய்திகள். தோட்டாப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகம் பெரும்பாலும் 24 அங்குலச் சோதனைக் குழலில் அளந்தது; உங்கள் ரைஃபிளின் குழல் 20 அங்குலமாக இருந்தால் வேகம் அதைவிடக் குறையும், வீழ்ச்சி கூடும். எனவே பெட்டியின் அட்டவணையை நம்பாமல், வேகமானியில் அளந்தோ அதைவிட நல்லதாக 200, 250, 300 கெஜத்தில் நேரில் சுட்டுப் பார்த்தோ உங்கள் சொந்த அட்டவணையைத் தயாரித்துத் துப்பாக்கியின் தண்டில் ஒட்டிக்கொள்ளுங்கள். வேட்டைக் குண்டுகள் பலவும் விரிவதற்குக் குறைந்தது வினாடிக்கு 1,800 அடி வேகம் வேண்டும் என்று தயாரிப்பாளர்களே குறிப்பிடுகிறார்கள்; .308-இன் வழக்கமான குண்டு 500 கெஜத்தை நெருங்கும்போது அந்த வேகத்துக்கு இறங்கிவிடுகிறது. குறி தப்பாமல் பட்டாலும் குண்டு தன் வேலையைச் செய்யாமல் போகக்கூடிய தூரம் அது. ஸ்கோப்பில் வீழ்ச்சிக்கான கோடுகள் இருந்தால், அவை எந்த உருப்பெருக்கத்தில் சரியாக இருக்கும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்க வேட்டை ஸ்கோப்புகளில் பரவலாக உள்ள வகையில், உருப்பெருக்கத்தை மாற்றினால் கோடுகளின் பொருளும் மாறிவிடும். பெரும்பாலும் உச்ச உருப்பெருக்கத்தில் மட்டுமே அவை அட்டவணைக்குப் பொருந்தும். அவசரத்தில் ஆறு மடங்கில் வைத்துக்கொண்டு 300 கெஜக் கோட்டைப் பயன்படுத்தினால் குண்டு மானின் முதுகுக்கு மேலே பறந்துவிடும்.

பயிற்சிக்கு அக்டோபர் வரை சில மாதங்கள் இருக்கின்றன. அது தாராளமான காலம். வீட்டில், தோட்டாக்கள் அனைத்தையும் வேறு அறையில் பூட்டிவிட்டு, துப்பாக்கி காலியாக இருப்பதை இருமுறை சரிபார்த்த பிறகு, வெறும் விசை இழுக்கும் பயிற்சியை நாள்தோறும் சில நிமிடங்கள் செய்யுங்கள். விசை விழும் கணத்தில் குறுக்கிழை அசையாமல் இருக்கிறதா என்பதைப் பார்ப்பது ஒன்றே நோக்கம். வாரக் கடைசியில் .22 ரைஃபிளோடு 50, 100 கெஜத்தில் உட்கார்ந்தும் முழங்காலிட்டும் சுடுங்கள். அதன் குண்டு மெதுவானது என்பதால் காற்றின் பாடத்தை 100 கெஜத்திலேயே கற்றுத் தந்துவிடும், செலவும் குறைவு. .308-ஐ எடுக்கும் நாளில் நிறையச் சுட வேண்டாம். உதை உடலுக்குப் பழகுவதற்குப் பதிலாக அச்சத்தைப் பழக்கிவிடும். ஆறாத குழலில் அடிக்கும் ஐந்தாவது குண்டுக்கு வேட்டையில் இடமில்லை. குளிர்ந்த குழலிலிருந்து போகும் முதல் குண்டு எங்கே படுகிறது என்பதை ஒவ்வொரு முறையும் தேதியோடு குறித்து வையுங்கள். அந்த முதல் குண்டுகளை மட்டும் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் குவியல்தான் உங்களுடைய உண்மையான குவியல்.

குப்புறப் படுத்துச் சுடுவதையே பலரும் பயிற்சி செய்கிறார்கள். அது மிக உறுதியான நிலை என்பதில் ஐயமில்லை; ஆனால் சேஜ் புதர் முழங்காலுக்கும் இடுப்புக்கும் உயரமாக வளர்ந்திருக்கும் நிலத்தில் படுத்தால் புதரைத் தவிர எதுவும் தெரியாது. உட்கார்ந்து, உயரமான முக்காலியின்மேல் துப்பாக்கியின் முன்பகுதியை வைத்து, பின்பகுதியை முதுகுப்பையாலோ முழங்காலாலோ தாங்கிச் சுடும் நிலையைத்தான் அங்கே அதிகம் பயன்படுத்துவீர்கள். அதை அங்கே அணியப்போகும் தடித்த மேல்சட்டையோடும் கையுறையோடும் பழகுங்கள். முதுகுப்பையோடு வேகமாக ஒரு மேடு ஏறி இறங்கி, மூச்சு இரைக்க உட்கார்ந்து, அரை நிமிடத்துக்குள் முதல் குண்டைத் தட்டில் அடிக்க முடிகிறதா என்று பாருங்கள். உங்கள் ஊர்ச் சுடுதளம் 100 கெஜத்தோடு முடிந்துவிடுகிறது என்றால், 300 கெஜத்துத் தட்டுக்குச் சமமான இரண்டே முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான வட்டத்தை 100 கெஜத்தில் வைத்துச் சுடலாம். நிலையின் உறுதியை அது சோதிக்கும். காற்றையும் வீழ்ச்சியையும் சோதிக்காது. அதற்காக ஒரு முறையாவது நீண்ட சுடுதளத்துக்குப் பயணம் செய்யுங்கள். வயோமிங்குக்குக் குறைந்தது ஒரு நாள் முன்னதாகப் போய், சுடுவதற்கு அனுமதியுள்ள இடத்தில், பின்னால் உயர்ந்த மண்மேடு இருப்பதை உறுதி செய்துகொண்டு ஜீரோவைச் சரிபார்த்துவிடுங்கள். விமானத்திலும் வண்டியிலும் குலுங்கி வந்த ஸ்கோப்பை அப்படியே நம்பக்கூடாது.

இதுவரை சொன்னது உங்கள் எல்லையை வெளியே தள்ளுவதைப் பற்றியது. நிலம் தரும் தூரத்தை உள்ளே இழுப்பதற்கும் அதே அளவு தயாரிப்பு வேண்டும். என் பார்வையில் வேட்டையின் பெரும்பகுதி இதில்தான் இருக்கிறது. பென்சில்வேனியாவில் நீங்கள் ஒரே இடத்தில் அமர்ந்து மான் வருவதற்காகக் காத்திருந்தீர்கள். மேற்கில் மானைத் தொலைவிலிருந்து முதலில் பார்த்துவிட்டு, பிறகு அதை நோக்கி நீங்கள் போகிறீர்கள். விடியலில் மேய்ந்துகொண்டிருக்கும் மியூல் மான், வெயில் ஏறும்போது பாறை விளிம்பின் நிழலிலோ, ஜூனிபர் மரத்தடியிலோ, ஓடைக்கரையின் மண்சரிவுக்குக் கீழேயோ போய்ப் படுத்துவிடும். தொந்தரவு இல்லாவிட்டால் நிழல் நகரும்போது இடத்தைச் சற்று மாற்றிக்கொள்வதைத் தவிர, பல மணி நேரம் அங்கேயே இருக்கும். 700 கெஜத்தில் மேயும் மானைப் பார்த்தவுடன் எழுந்து ஓடாமல், அது எங்கே படுக்கிறது என்று பார்த்து முடிக்கும் பொறுமை உங்களுக்கு இருந்தால், அந்த 700 கெஜத்தை 150 ஆக்குவதற்கு அரை நாள் அவகாசம் கிடைக்கிறது.

அந்த அவகாசத்தில் நிலத்தைப் படியுங்கள். சமவெளி என்று தோன்றும் இடத்திலும் ஆள் குனிந்து போகுமளவுக்கு ஆழமான ஓடைகளும் மடிப்புகளும் இருக்கும். காலையின் சாய்ந்த வெளிச்சத்தில் அவற்றின் நிழல்கள் தெளிவாகத் தெரியும், உச்சிவேளையில் மறைந்துவிடும். அதிகாலையில் குளிர்ந்த காற்று சரிவில் கீழ்நோக்கி வடியும், வெயில் பட்டு நிலம் சூடானதும் மேல்நோக்கி எழும். ஆகவே முற்பகலில் காற்று திரும்பி நிலைபெற்ற பிறகு மேலிருந்து இறங்கி மானை அணுகினால் உங்கள் வாடை அதற்குப் போகாது. காற்று திரும்பும் நேரத்தில் கிளம்புவதுதான் பலருடைய முயற்சியைக் கெடுக்கிறது. கிளம்புவதற்கு முன் மான் படுத்திருக்கும் இடத்தையும் சுற்றியுள்ள தனிமரம், நிறம் மாறிய பாறை போன்ற அடையாளங்களையும் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். மறுபக்கத்திலிருந்து இறங்கும்போது அதே சரிவு வேறொரு சரிவாகத் தோன்றும். நெருங்க வழியே இல்லாத இடத்தில் மான் படுத்துவிட்டால், அன்று அதை விட்டுவிட்டு மாலையில் அது எழுந்து எங்கே போகிறது என்று பாருங்கள். வேட்டையாடிகளின் அமைப்பான பூன் அண்ட் கிராக்கெட் கிளப் 1887-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட காலத்திலிருந்து அமெரிக்க வேட்டையாடிகளிடம் வலியுறுத்தி வரும் நேர்மையான துரத்தல் என்னும் கொள்கையின் உயிர் இதில்தான் இருக்கிறது: விலங்கின் புலன்கள் வேலை செய்யும் எல்லைக்குள் போய், அது தப்பிக்க வாய்ப்புள்ள இடத்தில் அதைச் சந்திப்பது.

எல்லைக்குள் வந்த பிறகும் சுடாமல் இருக்க வேண்டிய நேரங்களை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். 400 கெஜத்துக்குக் குண்டு போய்ச் சேர அரை வினாடி ஆகிறது. சாதாரணமாக நடக்கும் மான் அதற்குள் இரண்டடி நகர்ந்துவிடும். 200 கெஜத்தில் கால் வினாடிக்கும் குறைவான நேரத்தில்கூட ஓர் அடி நகரலாம். எனவே பக்கவாட்டில் திரும்பி, அசையாமல், மேய்ச்சலிலோ சோம்பலிலோ நிற்கும் மானை மட்டுமே சுட வேண்டும். மலையுச்சியில் வானத்தைப் பின்னணியாகக் கொண்டு நிற்கும் மானை எந்தத் தூரத்திலும் சுடக்கூடாது. குறி தப்பிய குண்டு இரண்டு மைலுக்கும் மேல் போகக்கூடியது. அப்பால் யார் இருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது.

திறந்த வெளிக்குத் தயாராகும்போது கிட்டத் தூரத்தை மறந்துவிடுவதும் உண்டு. ஓடைக்குள் நடந்து வரும்போது 30 கெஜத்தில் மான் எழுந்து நிற்கும். ஸ்கோப் பன்னிரண்டு மடங்கில் இருந்தால் அதில் பழுப்பு மயிரைத் தவிர எதுவும் தெரியாது. நடக்கும்போதெல்லாம் உருப்பெருக்கத்தைக் குறைந்த அளவிலேயே வைத்திருங்கள். தொலைவுக்குச் சுடும்போது கூட்டிக்கொள்ள நேரம் இருக்கும்.

கடைசியாக, பழகாத நிலத்தில் பலரும் தயாரிக்க மறக்கும் பகுதி, சுட்ட பிறகு வரும் அரை மணி நேரம். காட்டில் 60 கெஜத்தில் சுட்டால் மான் நின்ற மரம் கண் முன்னே இருக்கும். 250 கெஜத்துக்கு அப்பால், ஒரே மாதிரியான ஆயிரம் சேஜ் புதர்களுக்கு நடுவில், மான் எந்தப் புதரருகே நின்றது என்பது நீங்கள் பள்ளத்தைக் கடந்து ஏறுவதற்குள் மனத்திலிருந்து கலைந்துவிடும். சுட்டவுடன் அடுத்த தோட்டாவை ஏற்றி, ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் மான் எந்தப் பக்கம் போனது என்று பாருங்கள். இடத்தைவிட்டு எழுவதற்கு முன், மான் நின்ற இடத்துக்கான தூரத்தைத் தூரமானியிலும் திசையைத் திசைகாட்டியிலும் எடுத்து எழுதிக்கொண்டு, சுட்ட இடத்தில் ஆரஞ்சு நிறத் துணி ஒன்றைக் கட்டிவிடுங்கள். எதிர்ச் சரிவுக்குப் போனதும் அந்தத் துணிக்குத் திரும்பி அளந்தால், அதே எண்ணும் எதிர்த் திசையும் வரும் இடமே மான் நின்ற இடம். நண்பர் உடன் வந்தால் அவரைச் சுட்ட இடத்திலேயே உட்கார வைத்து, பைனாகுலரில் பார்த்துக் கைச்சைகையால் உங்களை வழிநடத்தச் சொல்லுங்கள். துள்ளி எழாமல், எந்த அறிகுறியும் காட்டாமல் மான் ஓடினாலும் அந்த இடம் வரை நடந்துபோய் ரத்தமும் மயிரும் இருக்கிறதா என்று பார்க்காமல் அது தப்பிவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். அத்தனை தூரம் நடக்க விருப்பமில்லாத இடத்தில் நிற்கும் மானைச் சுடாமலே விட்டுவிடலாம்.